அளவெடுத்துத் தைத்த திண்டு

அக்கா சோம்பேறி அல்ல, டாக்டர். சற்று முன் நீங்கள் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எக்ஸ்ரே எடுக்க அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். வர எப்படியும் கால் மணி நேரமாகும். அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்திரண்டு வருடம் தெருத்தெருவாக நடந்து தபால் கொடுத்தவள் அவள். மழை என்று ஒருநாளும் பையை இறக்கி வைத்ததில்லை. அவள் முழங்கால் தேய்ந்ததே அதனால்தான். அவளைப் பார்த்து, "நான் மூட்டு மாத்தினது வீணாப் போச்சு. பயிற்சி செய்யாம படுத்துக் கிடந்துட்டு, அட்டையில பொய்க் கணக்கு எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான். ஆள்தான் தப்பு.

நான் தையல்காரி. அத்தான் இறந்த பிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். பதினோரு வருடமாகிறது. முன்னறையில் நான் மெஷினில் உட்கார்ந்திருப்பேன். அவள் வேலை முடிந்து வந்து காலை நீட்டிக்கொண்டு செய்தித்தாளை உரக்க வாசிப்பாள், நடுநடுவே மந்திரிகளைத் திட்டுவாள். நான் காஜா எடுத்துக்கொண்டே கேட்பேன். எனக்குக் கல்யாணம், குழந்தை குட்டி எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் அந்தக் குரல்தான்.

அவளுக்கு ஒரே மகள். வேறு ஊரில், நான்காம் மாடியில் குடியிருக்கிறாள். லிஃப்ட் கிடையாது. "கால சரி பண்ணிக்கிட்டு இங்கயே வந்துடும்மா, புள்ளையப் பாத்துக்க ஆளில்ல" என்று போனில் சொன்னாள். அக்கா எத்தனை படி என்று கேட்டாள். எழுபத்திரண்டு. அன்றைக்கே உங்களிடம் வரத் தேதி வாங்கிவிட்டாள்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீ அப்பப்ப வந்து போ சின்னவளே. உன்ன யாரு வேண்டாம்னா?" என்று சிரித்தாள்.

வந்து போகிறவள் விருந்தாளி. அன்று நான் வெட்டிய சட்டை ஒன்று கைத்துளை பெரிதாகிப் பாழாய்ப் போனது. என் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிசியோதெரபி அம்மா வாரத்துக்கு மூன்று நாள் வந்தார். கண்டிப்பானவர், நல்லவர். முதல் நாளே என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "பயிற்சிக்கு அரை மணி முன்னாடி வலி மாத்திரை குடுத்துடுங்க. முழங்காலுக்கு அடியில எதையும் வைக்காதீங்க. அவங்க எவ்வளவு கெஞ்சினாலும் வைக்காதீங்க. சுகமாத்தான் இருக்கும், ஆனா கால் அப்படியே மடங்கி நின்னுடும். முதல் மூணு மாசம்தான் முக்கியம்மா. கோட்டை விட்டா விட்டதுதான்."

நான் எல்லாவற்றையும் அளவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

முதலில் மாத்திரையின் நேரத்தை மட்டும்தான் மாற்றினேன். அந்த அம்மா காலை மடக்கி முடித்துப் போன பிறகு கொடுத்தேன். கொடுக்காமல் விடவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் வாரம் அக்கா தலையணை உறையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அத்தான் போனபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. நான்காம் வாரம் அவளே சொன்னாள்: "முடியலடி. அந்தம்மாவக் கொஞ்ச நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடு."

ஆக, நிறுத்தியது அக்கா. நான் போன் செய்தேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கே வந்து பயிற்சி எடுத்துக்கொள்கிறோம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. "பயிற்சி இல்லாமலே சரியாயிடுமாடி?"

"போட்டிருக்கறது புது மூட்டு, அக்கா. இரும்பு. அதுக்கு என்ன பயிற்சி? புண்ணு ஆறினா தானா நடக்க வரும்."

நம்பினாள். நான் சொன்னால் நம்புவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்த வாரம்தான் அவள் காலுக்கு ஒரு திண்டு தைத்தேன். கட்டிலில் அவள் காலை வைத்து அளவெடுத்தேன். இலவம் பஞ்சு, மெத்தென்ற துணி, உறுத்தாமல் இருக்க ஓரத்தில் இரட்டைத் தையல். முழங்காலுக்கு அடியில் வைத்ததும் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "நீ நல்லா இருப்பே சின்னவளே" என்றாள். வாரம் ஒருமுறை பிரித்து, ஒரு பிடி பஞ்சு கூடுதலாக அடைத்துத் தைத்தேன். கால் மடங்க மடங்க அதற்குத் தக்கபடி உயர்த்தினேன். என் கைக்கு அது பழகிய வேலை.

ஆறாவது வாரம் வரச் சொன்னீர்கள். நீங்கள் கொடுத்த பயிற்சி அட்டையில் கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று தேதிவாரியாக நானே எழுதினேன். எழுபது, எழுபத்தைந்து, எண்பத்திரண்டு. நம்பும்படி இருக்க ஒரு வாரம் எழுபத்தொன்பதுக்கு இறக்கினேன். நேரில் அழைத்து வராமல் அதைப் படமெடுத்து அனுப்பினேன். உங்கள் நர்ஸ், "ரொம்ப நல்லாருக்கு, மூணு மாசம் கழிச்சு வந்தா போதும்" என்றார்.

ஒரே ஒருநாள்தான் பயந்தேன். பத்தாவது வாரம். நான் துணி கொடுக்கப் போய்விட்டு வரும்போது அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்திருந்தாள். ஒரு கால் தரையில் சரியாகப் பதியவில்லை, உடம்பெல்லாம் வியர்வை. "பாத்தியா, வந்துட்டேன்" என்றாள். மெதுவாக அழைத்து வந்து படுக்க வைத்தேன். அவள் கண்ணயர்ந்ததும் வாக்கரைப் பரணில் ஏற்றினேன்.

"வாக்கர் எங்கடி?"

"அடி ரப்பர் தேஞ்சுடுச்சுக்கா. மாத்தக் குடுத்திருக்கேன்."

பதினைந்து நாள் தினமும் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. மகளிடமும் போனில், "நான் வர்றது கஷ்டம்மா" என்று சொல்லிவிட்டாள். அன்று முதல் மறுபடி செய்தித்தாள் வாசிக்கிறாள். முன்போல மந்திரிகளைத் திட்டுவதில்லை, குரலும் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆனால் வாசிக்கிறாள்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் காலை முடக்கியது நான்தான். தெரிந்தே, நாள் தவறாமல், நான்கு மாதம் செய்தேன். மறுபடி மயக்கம் கொடுத்து மடக்கிப் பார்க்கலாம், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் பயிற்சி எடுக்கட்டும் என்கிறீர்கள். வேண்டாம் டாக்டர். அக்காவே அதை விரும்பமாட்டாள்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? நீங்கள் அந்த அட்டையை நீட்டித் திட்டினீர்களே, அப்போது அவள் முகத்தைக் கவனித்தீர்களா? என் எழுத்து அவளுக்குத் தெரியாதா? தபால்காரி, கையெழுத்து பார்த்தே ஆளைச் சொல்லுவாள். அட்டையை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பிடித்திருந்த என் கையை விட்டாள். பிறகுதான் உங்களிடம், "ஆமா டாக்டர், நான்தான் சோம்பேறித்தனமா இருந்துட்டேன்" என்றாள்.

தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதைவிட என்ன வேண்டும்? அவளுக்கு என்னோடு இருக்கத்தான் இஷ்டம். இல்லையென்றால் எப்போதோ எழுந்து போயிருக்கலாமே. வாசல் கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை.