பெரட்டுக்கு வந்த பெட்டி

ஐயா, எனக்குத் தேநீர் நன்றாகப் போட வரும். வாக்குமூலத்தை வாயால் சொல்ல வராவிட்டால் எழுதிக் கொடு என்று கொப்பியைத் தந்தீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஹட்டனில் இருக்கும் கம்பெனி ஆபிஸில் என்னைத் தேநீர் போடத்தான் சேர்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை உரத்து வாசிக்கச் சொன்னபோது ஒரு பாடவேளை முழுவதும் நின்றேன், சத்தம் வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. போனிலும் எனக்குப் பேச வராது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

கம்பெனிக்கு ஒன்பது தோட்டங்கள். ஒவ்வொரு தோட்டத்து ஆபிஸிலும் ஒரு கம்பியூட்டர். காலையில் அதைப் போட்டதும் தோட்டத்தின் டெலிபோன் லைன் வழியாக எங்கள் பெரிய கம்பியூட்டரைக் கூப்பிடும். யாழ்ப்பாணத்துச் செந்தூரன் சார்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. அந்தக் கம்பியூட்டர்ப் பெட்டிகளைக் குழுக்களாகப் பிரிப்பது, குழுவுக்கு ஒரு சட்டம் போடுவது, இருந்த இடத்திலிருந்தே மென்பொருளை அனுப்புவது, கழற்றுவது, இதையெல்லாம் அவர் மனேஜருக்கு ஒரு வாரம் விளக்கினார். மனேஜருக்கு விளங்கிய ஒரே பொத்தான் அணைக்கும் பொத்தான்.

தட்டை எடுக்கப் போன நான் மெதுவாகக் கேட்டேன். "பெரட்டு மாதிரிங்களா சார்?"

விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, நீ கொழுந்துக்குப் போ, நீ கவ்வாத்துக்குப் போ என்று பிரித்து அனுப்புவார்களே, அந்தப் பெரட்டு. செந்தூரன் சார் மேசையில் தட்டிச் சிரித்தார். "ஓம் பிள்ளை, அதேதான். நான் ஒரு கிழமையாக் கத்தினதை நீ ஒரு சொல்லில முடிச்சுப் போட்டாய்."

அன்றிலிருந்து அவர் சொல்வதையெல்லாம் கொப்பியில் எழுதினேன். கடவுச்சொல்லையும் எழுதினேன், அவர் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் தட்டுவார். 2006 ஆகஸ்டில் அவர் லீவில் ஊருக்குப் போனார், சண்டை தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள், அவரால் திரும்பி வர முடியவில்லை. அதன் பிறகு ஒன்பது பெட்டிகளுக்கும் பெரட்டுப் போட்டது நான்தான். மனேஜர் தேநீர் மட்டும் தாமதமாகாமல் பார்த்துக்கொண்டார்.

பனிக்கலைத் தோட்டத்துக் கிளாக்கர் ஜீவராஜ் தினமும் எட்டு மணிக்கு எங்கள் ஆபிஸுக்குப் போன் பண்ணுவார். எடுப்பது நான் என்று தெரிந்துதான் பண்ணுவார்.

"யாரு, பேச்சியம்மாவா? எங்க, ஒரு வார்த்தை பேசு பாப்போம். பேருல இருக்குற பேச்சு வாயில இல்லியே!"

பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்கும். நான் கோபப்படவில்லை. அந்த லைனுக்கு வேறு வேலை கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் சரளமாகப் பேசப் பழக்கும் மென்பொருள் ஒன்றைக் கொழும்பிலிருந்து மனேஜருக்காக அனுப்பியிருந்தார்கள். படமும் குரலுமாகப் பெரிய பொதி. மெதுவான லைனில் இவ்வளவு பெரியதை அனுப்பாதே என்று முன்கூட்டியே ஒரு தடை இருக்கும். பரவாயில்லை, அனுப்பு என்று சொல்லும் கட்டத்தில் ஒரு சரி போட்டால் அது விலகிவிடும். நான் பனிக்கலைப் பெட்டியைத் தனிக் குழுவில் வைத்து, 'பேச்சு' என்று பெயரிட்டு, சரி போட்டேன். பொதி இறங்கி முடிய மத்தியானம் தாண்டும். அதுவரை தோட்டத்தின் ஒரே டெலிபோன் வேலை செய்யாது. மாலையில் 'மறுபடி நிறுவு' என்பதை அழுத்துவேன். மறுநாள் பெட்டி ஒன்றும் அறியாததுபோல் பெரட்டுக்கு வந்து அதே கூடையைச் சுமக்கும். அப்படி ஒரு பணிவான வேலையாளை எந்தக் கங்காணியும் கண்டிருக்க மாட்டார்.

பத்து நாள் கழித்து ஜீவராஜ் பஸ் ஏறி வந்தார். தேநீர் கொடுத்தேன்.

"என்னா புள்ள, போனைத் தூக்குனா கீச்சுக் கீச்சுன்னு ஒரே சத்தம். உள்ள பெருச்சாளி கிருச்சாளி பூந்துருச்சா? அந்தக் கம்பியப் புடுங்கிப் போட்டுரவா?"

"புடுங்குனா பெட்டி செத்துப் போகுங்க. கம்பெனியில உங்க பேர்லதான் எழுதுவாங்க."

"அடேயப்பா, பேச்சிக்குப் பேச்சு வந்துருச்சுடோய்!" என்று இரண்டாவது கோப்பையும் குடித்தார். திரும்பிப் போய், 'கம்பியைத் தொடாதே' என்று எழுதிப் பெட்டியில் ஒட்டினார். கையெழுத்து அழகாக இருக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதன் பிறகு போன் பேச அவர் பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்து போக வேண்டியிருந்தது. தேயிலை மலை வழியாகக் குறுக்கே போனால் அரை மணி நேரம். அந்த வியாழக்கிழமை அவர் போகும்போது அங்கேதான் குளவிக் கூடு கலைந்தது. தோட்டத்து மருந்துக்காரர் இராமையா ஆபிஸுக்கு ஓடி ரிசீவரைத் தூக்கியிருக்கிறார், கீச்சுச் சத்தம். ஒட்டியிருந்ததை வாசித்துவிட்டு, கம்பியைத் தொடாமல், அவரும் பக்கத்துத் தோட்டத்துக்கே ஓடினார். கிளாக்கரைக் காப்பாற்ற வந்தவர் கிளாக்கரின் எழுத்துக்கு மரியாதை கொடுத்தார்.

பத்தரைக்கு எங்கள் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஆபிஸுங்களா? பனிக்கலை இராமையா பேசுறேங்க. கிளாக்கரய்யாவக் குளவி கொட்டிருச்சு, மூச்சு வாங்குது, அம்புலன்ஸ ஒடனே அனுப்புங்க. ஹலோ? கேக்குதுங்களா? யாராச்சும் ஒரு வார்த்தை பேசுங்கம்மா!"

கம்பெனியின் அம்புலன்ஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றது. அதன் டிரைவர் வீரய்யா என் எதிரே பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். பனிக்கலை லைனின் சின்ன விளக்கு இமைத்துக்கொண்டிருந்தது. பொதி பாதிதான் போயிருக்கும். பாதியில் எதையும் நிறுத்தக் கூடாது என்பது செந்தூரன் சார் சொல்லித் தந்தது. இராமையா இன்னும் இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டு வைத்தார். நானும் வைத்தேன்.

கொழுந்து லொறியில் ஏற்றி வரும் வழியில் ஜீவராஜ் இறந்தாராம். நாக்கு வீங்கி, கடைசிவரை பேச்சே வரவில்லையாம். அதைக் கொப்பியில் குறித்து வைத்தேன், சந்தோஷப்படவில்லை.

என் மேல் தப்பு என்றால், பேச வராத குறை ஒன்றுதான். அது பிறவிக் குறை. அன்றைக்கு ஆபிஸ் போன் பழுதாக இருந்தது என்று மனேஜர் உங்களிடம் சொன்னாராம். அது பொய், ஐயா. பதினொரு மணிக்கு நானே அதில் கடைக்குப் பேசி, இரண்டு பெட்டி பால்மா அனுப்பச் சொன்னேன். கடைக்கார நல்லமுத்து முதலாளியைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது என்று சொல்வார்.