பயனாளி ஒருத்தர் தேவை

அக்கா: …அவரு இல்ல சார். அவரு தட்டு கழுவுறவரு.

பைல் சார்: தட்டு கழுவுறவரு எதுக்கும்மா தட்டு நிறைய சாப்பாட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு?

அக்கா: கழுவணும்னா தட்டு அழுக்காகணும்ல சார்.

பைல் சார்: சரி… அந்த மூலைல, சிவப்பு சால்வை போட்ட அம்மா?

அக்கா: உப்பு பாக்குறவங்க.

பைல் சார்: உப்பு பாக்க ஒரு ஸ்பூன் போதாதா?

அக்கா: அவங்க நிதானமா பாப்பாங்க.

பைல் சார்: அந்தக் கைக்குழந்தை?

அக்கா: அது அழுதா சாப்பாட்டு நேரம் ஆச்சுன்னு அர்த்தம். எங்ககிட்ட கடிகாரம் கிடையாது சார்.

பைல் சார்: பெஞ்சுல ஒருத்தர் குறட்டை விடுறாரே. அவராவது…

அக்கா: ராத்திரி காவல். பகல்ல தூங்கினாத்தானே முடியும்?

பைல் சார்: ராத்திரி இங்க காவல் காக்க என்ன இருக்கு?

அக்கா: அவருதான் இருக்காரு.

பைல் சார்: அம்மா, கொஞ்சம் புரிஞ்சுக்குங்க. இந்த இலவசச் சமையல்கூடத்தை நடத்துறது நீங்க. பணம் குடுக்குறது டிரஸ்ட். எதுக்குக் குடுக்குது?

அக்கா: பசிச்சவங்களுக்கு.

பைல் சார்: ஆங். பசிச்சவங்க எங்க? போன தடவையும் கேட்டேன், அதுக்கு முந்தியும் கேட்டேன். இங்க இருக்கற அத்தனை பேரும் வேலை செய்யறவங்கன்னா, வாங்கிச் சாப்பிடறவங்க யாரு? பயனாளின்னு ஒரே ஒருத்தரைக் காட்டுங்க. ஒரு போட்டோ. போதும். இல்லேன்னா அடுத்த மாசத்துலேர்ந்து பணம் வராது. அடுப்பை அணைச்சுட்டுப் போக வேண்டியதுதான்.

அக்கா: புரியுது சார். இந்தக் கத்தியைக் கொஞ்சம் பிடிங்க.

பைல் சார்: எதுக்கு?

அக்கா: அந்த உருளைக்கிழங்கைத் தோல் சீவுங்க. கை சும்மா இருந்தா பேச்சு நீளும்.

பைல் சார்: நான் விசாரணைக்கு வந்திருக்கேம்மா…

அக்கா: விசாரிங்க. வாய் சும்மாத்தானே இருக்கு?

பல்பு: அக்கா! தெருமுனை விளக்கை மாத்திட்டேன்… அட, வணக்கம் பைல் சார். இன்னிக்கும் விசாரணையா?

பைல் சார்: பைல் சாரா?

அக்கா: தெருவுல செல்லமா வெச்ச பேரு சார். எப்பவும் கக்கத்துல பைல் இருக்குல்ல? இவன் பேரு பல்பு.

பைல் சார்: பல்பு மாத்துறதாலயா?

பல்பு: திருடினதால சார்.

பைல் சார்: …ஓ.

பல்பு: இந்தத் தெருவுல எந்த விளக்கு போட்டாலும் அன்னைக்கே கழட்டிடுவேன். பொழுது சாஞ்சா பொம்பளைங்க வெளிய வரமாட்டாங்க. டாக்சிக்காரன் முனையிலயே இறக்கி விட்டுட்டு ஓடிடுவான். அவ்வளவு சுத்தமா வேலை பாத்தேன்.

பைல் சார்: இப்ப?

பல்பு: இப்ப விளக்குப் பொறுப்பே நான்தான். எவன் கழட்டுவான், எப்படிக் கழட்டுவான்னு எனக்குத் தெரியாதா?

பைல் சார்: தினமும் இங்கதான் சாப்பிடறியா?

பல்பு: ரெண்டு வேளையும்.

பைல் சார்: அப்ப நீ பயனாளி! இரு, இரு… அங்கயே நில்லு…

பல்பு: சார், வார்த்தையை அளந்து பேசுங்க. நான் பொறுப்பாளர்.

அக்கா: நில்லுடா, பரவால்ல. போட்டோ எடுக்கணும்னு சொன்னீங்களே, போனை எடுங்க சார்.

பைல் சார்: போன்… கடைல இருக்கு.

அக்கா: ரிப்பேருக்கா?

பைல் சார்: …ஆமா.

பல்பு: எந்தக் கடை சார்? நம்ம தெரு அண்ணன் ஒருத்தர் ரிப்பேர் பாக்குறாரு. நான் வேணா போய் வாங்கிட்டு வந்து…

அக்கா: பல்பு. வெங்காய மூட்டை வந்திருக்கும், போய் இறக்கு.

பல்பு: வெங்காயம்தான் காலையிலயே…

அக்கா: போய்ப் பாரு.

பல்பு: …பாக்குறேன்.

பைல் சார்: நல்ல பையன்தான்.

அக்கா: வாய்தான் கொஞ்சம் நீளம்.

பைல் சார்: ஏம்மா, உலகத்துல எங்கயாவது இப்படி உண்டா? சாப்பாடு வாங்கறவங்களே இல்லாத தர்ம சாப்பாட்டுக்கூடம். யாரு கண்டுபிடிச்ச முறை இது?

அக்கா: என் மணிக்கட்டு.

பைல் சார்: என்னது?

அக்கா: ஆரம்பத்துல வாசல்ல பெரிசா போர்டு வெச்சேன் சார். ஏழைகளுக்கு இலவச உணவுன்னு. ஒரு ஈ காக்கா வரல. வீட்டுக்கு வீடு கதவைச் சாத்திக்கிட்டாங்க. உள்ள அடுப்பு எரியலன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஆனா வந்து வரிசைல நின்னா ஊருக்கே தெரிஞ்சுடும்ல? ஆக்கினதெல்லாம் வீணாப்போச்சு. அழுகையே வந்துருச்சு.

பைல் சார்: அப்புறம்?

அக்கா: மணிக்கட்டு பிசகிடுச்சு, கிண்ட முடியலன்னு தெருவுல போன ஒருத்தரைக் கூப்பிட்டேன். கரண்டியை அவர் கையில குடுத்தேன். கிண்டினாரு. கிண்டினவரு சாப்பிடாமப் போனா நல்லாவா இருக்கும்? சாப்பிட்டாரு. மறுநாள் வேலை ஏதாவது இருக்கான்னு அவர் சம்சாரத்தோட வந்து நின்னாரு. போர்டைக் கழட்டி அடுப்புல வெச்சுட்டேன்.

பைல் சார்: மணிக்கட்டு சரியாச்சா?

அக்கா: அது பிசகவே இல்ல சார்.

பைல் சார்: ஓஹோ!

அக்கா: அந்தப் பக்கம் பருப்பு கழுவுற ரெண்டு பேரைப் பாருங்க. எதிரெதிர் வீடு. தண்ணிக்குழாய்ச் சண்டைல ஒருத்தர் மண்டையை ஒருத்தர் உடைச்சுக்கிட்டவங்க. போலீஸ் வரைக்கும் போச்சு.

பைல் சார்: இப்ப ராசியாயிட்டாங்களா?

அக்கா: சேச்சே. தினமும் சண்டைதான். பருப்பு எவ்வளவு வேகணுங்கறதுல.

பைல் சார்: இதையெல்லாம் அறிக்கைல எந்தத் தலைப்புல எழுதறது? சண்டையின் பொருள் மாறியதுன்னா?

அக்கா: எழுதுங்க. நல்லாத்தான் இருக்கு.

பல்பு: அக்கா, புதுசா வெங்காயம் எதுவும் வரல.

அக்கா: அப்ப எப்ப வரும்னு போய்க் கேட்டுட்டு வா.

பல்பு: யாருகிட்ட?

அக்கா: வெங்காயக்காரன்கிட்ட. மெதுவா போ.

பல்பு: …புரிஞ்சுது. மெதுவாவே போறேன்.

பைல் சார்: ம்ம்… அப்புறம்… தரப் பரிசோதனை ஒண்ணு பாக்கி இருக்கு.

அக்கா: ருசி பாக்குறதுதானே? உங்க தட்டை எடுத்து வெச்சுட்டேன்.

பைல் சார்: விதிப்படி பாக்கணும். அதுக்காகத்தான்.

அக்கா: போன வாரமும் விதிப்படி ரெண்டு தடவை வாங்கிக்கிட்டீங்க. முன்னெல்லாம் ஒரு வாய் தண்ணி குடுத்தாலும் வேணாம்பீங்களே சார். ஆபீஸ் கார் வாசல்லயே உறுமிக்கிட்டு நிக்கும்.

பைல் சார்: விதி மாறிடுச்சு.

அக்கா: காரு?

பைல் சார்: நடந்து வந்தா… ஏரியா நல்லா புரியும்.

அக்கா: அது சரி.

பைல் சார்: அப்புறம், மாதிரியும் கொஞ்சம் எடுத்துட்டுப் போகணும். பரிசோதனைக்கூடத்துக்கு.

அக்கா: எத்தனை டப்பா?

பைல் சார்: மூணு. …நாலுன்னா நல்லது.

அக்கா: ரெண்டு டப்பால காரத்தைக் குறைக்கட்டுமா?

பைல் சார்: எதுக்கு?

அக்கா: பரிசோதனைக்கூடத்துல சின்னவங்க இருப்பாங்களோ என்னமோ.

பைல் சார்: …இருக்கலாம்.

அக்கா: மெலிசா சீவுறீங்க சார். கிழங்கு வீணாகல.

பைல் சார்: வீட்டுல இப்பல்லாம் நான்தான்… ஒண்ணுமில்ல. அம்மா, விளையாட்டுப் பேச்சை விடுங்க. நாளைக்குப் புதுசா ஒரு அதிகாரி வர்றாரு. என்னை மாதிரி இழுத்தடிக்க மாட்டாரு. பயனாளி எங்கன்னு கேப்பாரு. இல்லேன்னா நின்ன இடத்துலயே மூடிட்டுப் போயிடுவாரு. அந்தச் சால்வை அம்மாவை ஒரு அரை மணி நேரம் சும்மா நிக்கச் சொல்லுங்களேன்.

அக்கா: அவங்க ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்க சார். இந்தத் தெருவுல பாதிப்பேரு அவங்ககிட்ட அடி வாங்கினவங்க. பசின்னு கையேந்தி நில்லுங்கன்னு நான் சொல்லணுமா? நாளையிலேர்ந்து வரமாட்டாங்க. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே கிடப்பாங்க. இந்தக் கதவெல்லாம் தொறக்க எவ்வளவு நாளாச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

பைல் சார்: அப்ப அடுப்பு அணைஞ்சாலும் பரவால்லயா?

அக்கா: அப்படி நான் சொன்னேனா?

பைல் சார்: பின்ன யாரைத்தான் காட்டுவீங்க?

அக்கா: நீங்களே சொல்லுங்க சார்.

பைல் சார்: கிழங்கு… சீவி முடிச்சாச்சு.

அக்கா: சீவினதைத் தண்ணில போடுங்க. கருத்துடும்.

பைல் சார்: என்னைக் காட்டுங்க.

அக்கா: என்ன சார்?

பைல் சார்: நாளைக்கு அவர் வந்தா, என்னைக் காட்டுங்கம்மா. நான் இப்ப அந்த ஆபீஸ்ல இல்ல. ஆளைக் குறைக்கிறோம்னாங்க… அனுப்பிட்டாங்க. பழகின பியூன் ஒருத்தன்தான் புது ஆள் வர்றதைச் சொன்னான். வீட்டுல இன்னும் சொல்லல. தினமும் காலைல இந்த பைலைத் தூக்கிட்டுக் கிளம்பிடறேன். உள்ள பழைய பேப்பர்தான். போனும் அடகுக் கடைலதான் இருக்கு. பரிசோதனைக்கூடம்னு ஒண்ணும் கிடையாது… ஆபீஸ் கேன்டீன் சாப்பாடுன்னு சொல்லி வீட்டுல குடுக்கறேன். வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மாவை நிறுத்தறதுக்குப் பதிலா நான் நிக்கறேன். போட்டோ எடுத்துக்கட்டும். இந்த அடுப்பு எரியணும்.

அக்கா: அவரு நேத்தே வந்துட்டுப் போயிட்டாரு சார்.

பைல் சார்: நேத்தா? அப்ப… மூடிடுவாங்களா? யாரைக் காட்டினீங்க?

அக்கா: யாரையும் காட்டல. ஒருத்தர் இருக்காரு, பசின்னு வாயைத் தொறந்து சொல்லமாட்டாரு, அதுக்குப் பதிலா கேள்வி கேப்பாருன்னு சொன்னேன். உங்க பேரைச் சொல்லல சார், சத்தியமா. யாருன்னு அவருக்கே புரிஞ்சிருச்சு போல… ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு. கார் வராத அன்னைக்கே எனக்கு விஷயம் தெரியும். இதையெல்லாம் நீங்க வந்ததுமே சொல்லியிருந்தா, இனி விசாரிக்க ஒண்ணுமில்லன்னு வாசலோடயே திரும்பியிருப்பீங்க. அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு என்னத்தைக் கொண்டு போவீங்க?