பாட்டில்ல இல்லாத முடி

உள்ள இருக்கற ஆளு வெளிய வந்ததும் நீயே போம்மா. என் நம்பர்தான் முன்னாடி, தெரியும். பரவால்ல. காலையில இருந்து எல்லாரையும் முன்னாடி அனுப்பிட்டுத்தான் உக்காந்திருக்கேன். எனக்கு என்ன அவசரம்?

டாக்டரம்மாவா? நேத்துப் பொறந்தது. போன தடவை கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வியாக்கியானம் பண்ணா பாரு. கண்ணுக்குள்ள கூழ் மாதிரி ஒண்ணு இருக்காம், வயசானா சுருங்குமாம், அதோட நிழல்தான் பூச்சியா பறக்குதாம். பழகிக்கோங்கம்மா, ஆனா மின்னல் அடிச்சாலோ திரை மாதிரி மறைச்சாலோ அன்னிக்கே ஓடி வரணும்னா. ஓடி வரணுமாம்! இவ மணி அடிப்பா, நான் ஓடி வரணும்.

வேலையா? பாட்டில் கம்பெனியில செக்கிங். மருந்து ஊத்தற கண்ணாடி பாட்டில். வெள்ளை லைட்டுப் பலகைக்கு முன்னாடி வரிசையா போயிக்கிட்டே இருக்கும். தூசி, முடி, கீறல், எது இருந்தாலும் உருவி எடுத்துக் கீழ போடணும். சாதாரண வேலைன்னு நெனச்சுக்காத. உன்னை உக்கார வெச்சா மத்தியானத்துக்குள்ள மயங்கி விழுந்துருவ.

என் நாத்தனாரும் அதே பெஞ்சுதான். ஒரு நாள் நல்ல பாட்டிலா உருவி உருவிப் போடறா. எல்லாத்துலயும் முடி இருக்குங்கறா. ஒண்ணை வாங்கி லைட்டுல சுத்திக் காட்டினேன். அடியே, பாட்டில் சுத்தினா முடியும் கூடச் சுத்தணும்ல? சுத்தலைன்னா அது உன் கண்ணுல இருக்குடின்னேன். பெஞ்சே சிரிச்சுது. இவ அழுதுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினா. விழித்திரையில ஓட்டையாம், லேசர் வெச்சு அடைச்சாங்களாம். திரும்பி வந்தா, சூப்பர்வைசர் பெஞ்சுல உக்கார விடல. இப்ப அட்டைப்பெட்டி மடிக்கறா. கேட்டா, கண்ணு பொழைச்சுதே அண்ணிங்கறா. பொழைச்ச கண்ணால அட்டையப் பாத்துக்கிட்டு இருக்கா. தூ!

எனக்கா? பறக்காம என்ன. கொசு, நூலு, சிலந்திக்கால், எல்லாம் உண்டு. நான் சட்டை பண்றதில்ல. எங்க வீட்டுக்காரர்தான் போனைத் தடவித் தடவி, கேரட் சாறு குடி, கண்ணை உருட்டுன்னு உயிரை வாங்கறாரு. ஒரு கால்ல கருப்பு சாக்ஸ், ஒரு கால்ல நீல சாக்ஸ் போட்டுட்டு ஆபீஸ் போற மனுசன், எனக்குக் கண் வைத்தியம்!

இன்னிக்கு இங்க நானா வரல. அந்த சூப்பர்வைசர் அனுப்பினான். மூக்கைத் தொடைக்கத் தெரியாத பய. நேத்துக் கீறின பாட்டில் ஒண்ணு என் கையத் தாண்டிப் போயிருச்சாம். அதுக்கு, டாக்டர்கிட்ட கண்ணு சரின்னு எழுதி வாங்கிட்டு வா, இல்லன்னா அட்டைப்பெட்டிக்குப் போன்னுட்டான். என்னை! அவனுக்கு அந்த லைட்டுக்கு சுவிட்ச் எங்கன்னு காட்டினதே நான்தான்.

அதான் உள்ள போகாம உக்காந்திருக்கேன். போனா அந்த டாக்டர் பொண்ணு கண்டுபிடிச்சிருவால்ல.

என்னத்தையா? ஒண்ணுமில்லம்மா. இடது கண்ணுல ஓரமா கொஞ்சம் இருட்டு. நேத்துப் பாட்டில் வர்ற பக்கமா இம்புட்டுதான் இருந்துச்சு. தூங்கி எந்திரிச்சா போயிரும்னு பாத்தேன். வலிக்கவெல்லாம் இல்ல. வலது கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாத்தாத்தான் தெரியுது. நீ வந்து உக்காந்தப்ப பாத்தேன், உன் காது ரெண்டும் தெரிஞ்சுது. இப்பப் பாத்தா மூக்கு வரைக்கும் ஏறிருச்சு.

ஏய், எதுக்கு எந்திரிக்கற? கதவை ஏன் தட்டற, உள்ள ஆளு இருக்குல்ல! எல்லாரும் பாக்கறாங்க, கத்தாதடி. சரி, வர்றேன், வர்றேன், இழுக்காத. கையைப் பிடிக்கறதுன்னா இந்தப் பக்கம் வந்து பிடி. அந்தப் பக்கம் நீ நிக்கறியா இல்லையான்னே தெரியல.