போடுவது இலவசம்

— இன்னைய தேதிக்கு இந்த நாட்டுல எந்தப் பொம்பளையும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு வெறுங்கையோட திரும்பக் கூடாது, குட்டிம்மா. அதுக்குன்னே பொறந்ததுதான் எங்க காப்பீட்டுத் திட்டம். பெத்ததுல எனக்கும் பங்கு உண்டு. பெருமைக்குச் சொல்லல.

— பெருமைக்கே சொல்லுண்ணா, பரவாயில்ல. ஆனா என்கிட்ட சொல்லாத, அந்த ஜன்னல்ல போய்ச் சொல்லு. என்னை ஏற்கனவே ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க.

— உன்னையா? என் தங்கச்சியையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

— போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேன்னு சொல்வ. அஞ்சு வருஷமா ஒரே மீட்டிங்.

— இரு, இப்பப் பாரு. நர்ஸம்மா! இவ யாருன்னு தெரியுதா? உங்க தலைக்கு மேல ஒட்டியிருக்கிற போஸ்டரைப் பாருங்க.

— பார்த்துட்டுத்தான் சார் இருக்கேன், தினமும். அதே பொண்ணு. போஸ்டர்ல கன்னம் கொஞ்சம் உப்பலா இருக்கு, இப்ப வத்திப் போச்சு.

— முதல் பயனாளிம்மா இவ! கருத்தடைக்குக் காப்பர்-டின்னா ஊரே பயந்து ஓடினப்போ, சொந்தத் தங்கச்சியையே முதல் ஆளா கூட்டிட்டு வந்து போட வெச்சவன் நான்.

— நானும்தான் பயந்தேன். "எப்ப வேணாம்னு தோணுதோ அப்ப வா, அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவாங்க, ஒரு பைசா ஆகாது"ன்னு என் தலைமேல கை வெச்சுச் சொன்ன.

— இப்பவும் சொல்றேன். எடுத்து விடுங்க நர்ஸம்மா.

— முடியாது சார்.

— என்ன, முடியாதா?

— போடறதுக்குத் திட்டம் பணம் குடுக்கும். எடுக்கறதுக்குக் குடுக்காது.

— எவன் சொன்னான் அப்படி?

— இந்த உத்தரவுத் தாள்தான். அடியில கையெழுத்து இருக்கு, பாருங்க. கண்ணாடி கொண்டு வந்திருக்கீங்களா?

— இங்க குடுங்க, நான் படிக்கிறேன். "பொருத்துதல் தடுப்பு நடவடிக்கை ஆகும். அகற்றுதல் பயனாளியின் சொந்த விருப்பம். விருப்பங்களுக்கு நிதி ஒதுக்க இயலாது." கீழ... அண்ணா, இது உன் கையெழுத்து.

— அது வந்து, குட்டிம்மா...

— கடைசி எழுத்தோட வாலை இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு இழுக்கிற ஆள் நம்ம குடும்பத்துல ஒருத்தர்தான்.

— சட்டப்படி விளக்கறேன், கேளு. மேலிடத்துல நிதியில பாதியை வெட்டிட்டாங்க. எதையாவது நிறுத்தியே ஆகணும். பிரசவத்தை நிறுத்த முடியுமா? பேப்பர்ல போட்டுக் கிழிப்பான். போடறதை நிறுத்த முடியுமா? எத்தனை பேருக்குப் போட்டோம்னு மாசாமாசம் கணக்கு கேப்பாங்க. எடுக்கறவங்கதான் கம்மி. அவங்க சத்தமும் போட மாட்டாங்க.

— என்னைப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தியா?

— சே, அப்படியெல்லாம் பேசாத.

— பஸ்ல ஏத்தறது இலவசம், இறங்கறதுக்கு டிக்கெட். நல்ல திட்டம்ணா.

— முழுசா கேளு. வலி, ரத்தப்போக்குன்னா எடுக்கலாம். விதிவிலக்கு நானே எழுதி வெச்சேன். அதுலதான் ஒரு கூத்து. உத்தரவு போன மறுவாரமே நாட்டுல அத்தனை பொம்பளைக்கும் ஒரே நேரத்துல வயித்துவலி! ஆபீஸே சிரிச்சுது. இவங்க நடிப்புக்குப் பரிசு குடுக்கலாம்யான்னு நான் சொன்னேன். வந்த விண்ணப்பம் எல்லாத்துலயும் "காரணம் நம்பத்தக்கதல்ல"ன்னு சீல் குத்தி அனுப்பிட்டோம்.

— எல்லாத்துலயுமா சார்? படிச்சுப் பார்த்தீங்களா?

— முதல் பத்தைப் படிச்சேன் நர்ஸம்மா. மத்ததும் அதே பாட்டுத்தான். பொய் சொல்லிப் பொதுப்பணத்தைக் கறக்கறதை மட்டும் என்னால சகிச்சுக்கவே முடியாது.

— அண்ணா, எனக்கு முப்பத்தெட்டு ஆகுது. ஒரு பிள்ளை வேணும். உன்கிட்ட சட்டம் கேட்டு நான் வரல.

— சரி, அழாத. நான் என் கைக்காசு போட்டுக் கட்டிடறேன். எவ்வளவும்மா?

— வாங்கிக்க ஆள் இல்ல சார். எடுத்துட்டு இருந்த டாக்டரம்மாவுக்கு அந்த நிதியிலதான் சம்பளம். நீங்க நிறுத்தின மாசமே போயிட்டாங்க. அவங்க அறையில இப்ப கால் உடைஞ்ச நாற்காலிங்க இருக்கு. அதுங்களுக்கும் டாக்டர் இல்ல.

— தனியார்ல பார்த்தியா?

— மூணு இடம். "எங்க போட்டீங்களோ அங்கயே எடுத்துக்கோங்க. உள்ள ஏதாவது ஆச்சுன்னா எங்க தலையில விழும்"னு மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க. உன் ஆபீஸ்ல பயிற்சி எடுத்தாங்களோ என்னவோ.

— அப்ப வழியே இல்லையா நர்ஸம்மா?

— பெரிய ஆஸ்பத்திரியில எடுப்பாங்க. ஆனா உங்க திட்டத்தோட அனுமதிச் சீட்டு வேணும். அது உங்க விதிவிலக்குல வந்தாத்தான் கிடைக்கும்.

— ம்... கொஞ்சம் கிட்ட வாங்களேன். பின்னாடி வரிசையில ஆளுங்க நிக்கறாங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல... வயித்துவலின்னு போட்டுடுங்க.

— காதுல விழல சார்.

— வயித்துவலிம்மா. கடுமையான வயித்துவலி. மூணு மாசமா. நான் உடனே பாஸ் பண்ணிடறேன்.

— புதுசா எதுக்கு சார்? இவங்க பேர்ல இதே காரணத்தோட ரெண்டு விண்ணப்பம் என் டிராயர்லயே கிடக்கு. மாசத்துக்கு ஒண்ணா எழுதினது. ரெண்டும் உங்க சீலோட திரும்பி வந்துச்சு.

— அடிப்பாவி, நீயும் அந்த நடிப்பை நடிச்சுப் பார்த்தியா? உன்னோடதுன்னு தெரிஞ்சிருந்தா தனியா எடுத்து வெச்சிருப்பேனே!

— நடிக்கலண்ணா. காப்பர்-டியையும் மீறி எனக்கு நாள் தள்ளிப் போயிருந்துச்சு. முதல் தடவை வலியோட இந்த ஜன்னல்ல வந்து நின்னப்போ நாங்க ரெண்டு பேர். ரெண்டாவது தடவை நான் மட்டும்தான்.