டாக்டர் கனகமணியின் கட்டைவிரல்

மேடையில் வீற்றிருக்கும் நற்பணி மன்றத் தலைவர் குருசாமி அண்ணாச்சி அவர்களே! அரசு மருத்துவமனையின் மருத்துவர்களே, செவிலியர்களே! விசைத்தறிகளை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே! பனவடலிசத்திரத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன். மன்றச் செயலாளர் என்ற முறையில் சண்முகையாவாகிய நான் எத்தனையோ விழாக்களுக்கு இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன். இன்று இரங்கல் கூட்டத்துக்குப் பிடித்திருக்கிறேன்.

மாலைக்கு நடுவே படமாக இருக்கிறாரே, இவர் யார்? நம் குழந்தைகளின் டாக்டர் கனகமணி அம்மையார்! சென்ற வாரம் மாரடைப்பில் நம்மை விட்டுப் போன கனகமணி அம்மையார்! ஆனால் ஒரு காலத்தில் இந்த ஊர் அவரை என்ன பெயர் சொல்லி அழைத்தது? "கண்ணு போடுத டாக்டரம்மா!" தேரடியிலே அவர் நடந்து வந்தால், தாய்மார்கள் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடுவார்கள். இன்றைக்கு அழுகிற அதே தாய்மார்கள்தான்!

காரணம் சொல்கிறேன். 1974 பொங்கல் விழாவில் நம் மன்றம் கொழுகொழு குழந்தைப் போட்டி நடத்தியது. நடுவர், டாக்டர் கனகமணி. முதல் பரிசு வெள்ளிக் கோப்பை. அது யாருக்கு என்பதில் யாருக்குமே சந்தேகம் இல்லை. பனவடலிசத்திரம் முருகம்மாளின் மூன்று வயது மகன் காளிராஜுக்குத்தான்! கன்னம் இரண்டும் பன்ரொட்டி. சிரித்தால் கண்ணே தெரியாது. கூட்டம் கைதட்டியது. டாக்டர் அவனைத் தூக்கி மடியில் வைத்தார். எல்லாரும் கன்னத்தைக் கிள்ள, அவர் மட்டும் அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தார். அந்த இடத்தில் குழி! அது நிரம்பவே இல்லை.

"இந்தப் பிள்ளைக்குப் பரிசு கிடையாது. இது கொழுப்பு இல்ல, வீக்கம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க" என்றார்.

தலைவர் அண்ணாச்சி, அன்றைக்குக் கோபத்தில் டாக்டரிடம் என்ன கேட்டீர்கள், நினைவிருக்கிறதா? "பரிசு குடுக்கக் கூப்பிட்டா, நோயைக் குடுக்கியளே!" என்றீர்கள். கூட்டமே சிரித்தது. முருகம்மாள் சிரிக்கவில்லை. மகனைப் பிடுங்கிக்கொண்டு, "ஊரே கண்ணு வச்சது போதாதுன்னு நீங்களும் வச்சிட்டியளே!" என்று அழுதபடி போனாள். போன கையோடு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அப்படியும் சில நாளில் பிள்ளைக்கு வயிறும் வீங்கியது. சிறுநீர் குறைந்தது.

வருகிறவர்கள் வரட்டும் என்று இருந்தாரா டாக்டர்? இல்லை! பஸ் ஏறி அவள் வீட்டுக்கே போனார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார். முருகம்மாள் வாசலை மறித்து நின்றாள். டாக்டர் வாதாடவில்லை.

"ஏட்டி முருகம்மா, நல்லா ஏசு. ஏசி முடிச்சிட்டு, பிள்ளையோட ஒண்ணுக்கை மட்டும் ஒரு கிண்ணத்துல பிடிச்சிக் குடு."

முற்றத்திலேயே ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, கண்ணாடிக் குழாயில் அந்தச் சிறுநீரைக் காய்ச்சினார். தெளிவாக இருந்த அது, கொதிக்கக் கொதிக்க வெள்ளையாகத் திரண்டது. முருகம்மாள் கிட்டே வந்தாள்.

"இதென்னம்மா, முட்டை வெந்தாப்ல இருக்கு?"

"அந்தச் சத்துதாம்டி! நீ ஊட்டுத முட்டையும் பருப்பும் உடம்புல நிக்காம இப்படி ஒழுகுது. சிறுநீரகத்துக்குள்ள பொடிப்பொடியா லட்சக்கணக்குல வடிகட்டி இருக்கு. கழிவை வெளிய விடணும், சத்தை உள்ள நிறுத்தணும். இவனுக்கு அந்த வடிகட்டி கெட்டிருக்கு. யாரு கண்ணும் படல."

"சரியாவுமாம்மா?"

"முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு ஆவும். உப்பைக் குறை. நான் சொல்லுத வரைக்கும் மாத்திரையை நிறுத்தாத."

மாத்திரை வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. ஆனால் அன்பர்களே, அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. பசியைக் கிளப்பும், முகத்தை உருண்டையாக்கும். டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இருந்தாலும் பெற்ற மனசு கேட்குமா? மகனின் கன்னம் மறுபடி உப்பியதைப் பார்த்துப் பயந்து, முருகம்மாள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். உண்மையான வீக்கம் அப்போதுதான் திரும்பி வந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவளை டாக்டர் திட்டவில்லை. தன் ஸ்பிரிட் விளக்கையும் கண்ணாடிக் குழாயையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இனிமே மூஞ்சியைப் பாக்காத. இதைப் பாரு" என்றார்.

அன்றிலிருந்து காலைதோறும் முருகம்மாள் காய்ச்சினாள். நோய் பலமுறை திரும்பியது. அத்தனை முறையும் முகம் வீங்குவதற்கு முன்பே, குழாயில் லேசாகக் கலங்கும்போதே அவள் பிடித்துவிட்டாள். காளிராஜ் வளர வளர அது வருவது குறைந்தது, பிறகு நின்றது. அதோ, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பனைமரமாக நிற்கிறானே, அவன்தான்! பத்தாம் வகுப்பு படிக்கிறான். கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. அதைப் பார்த்து அவன் தாய்க்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வடிகட்டி கெடுவதில் பல வகை உண்டு. சிலருக்குச் சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் ரத்தத்தோடு போனது. சிலருக்கு நோய் மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. அவர்களைப் பாளையங்கோட்டைக்கும் மதுரைக்கும் அனுப்பினார். திரும்பாதவர்களும் உண்டு. அப்படி ஒரு செய்தி வந்தால் டாக்டர் அன்று சாப்பிட மாட்டார். மறுநாள் வழக்கம்போல் வந்து அடுத்த பிள்ளையின் காலை அழுத்துவார்.

போட்டியும் மாறியது. மறு வருஷத்திலிருந்து சிறுநீர் காய்ச்சிப் பார்க்காமல் ஒரு பிள்ளையும் மேடை ஏறவில்லை. "என்னவே, பொங்கப் பானைக்குப் பக்கத்துல இந்தப் பானையா?" என்று முகம் சுளித்த நம் தலைவர்தான், பிறகு தம் கைக்காசில் அரை டஜன் விளக்கு வாங்கித் தந்தார். டாக்டரின் கிளினிக் வராந்தாவில், வருகிற பிள்ளைகளின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்க்க முருகம்மாளே உட்கார்ந்தாள். கடையநல்லூர் ஆயிஷம்மாள் தன் மகளைத் தூக்கிக்கொண்டு பதறி வந்தபோது, "மூஞ்சியைப் பாக்காதக்கா, இதைப் பாரு" என்று சொன்னது அவள்தான்.

இனி அந்த வராந்தா என்ன ஆகும்? இதுதானே உங்கள் எல்லார் மனத்திலும் உள்ள கேள்வி? அரசு மருத்துவமனையின் இளம் மருத்துவர் ஜஸ்டஸ் மாலை நேரங்களில் அங்கே அமர ஒப்புக்கொண்டிருக்கிறார். பொங்கல் போட்டி நடக்கும். மாத்திரை வாங்க வழியில்லாத பிள்ளைக்கு மன்றம் வாங்கித் தரும். இந்தப் படத்தின் முன் நின்று சொல்கிறேன், இது உறுதி!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சற்று முன்பு முருகம்மாள் படத்துக்கு மாலை போட வந்தாள். போட்டுவிட்டு என் காலையே பார்த்தாள். "சம்முவையா அண்ணாச்சி, செருப்பு வாரு பதிஞ்சி கெடக்கே?" என்றாள். "காலையிலிருந்து நின்ன காலு, வயசும் ஆச்சு" என்றேன். அவள் கேட்கவில்லை. அத்தனை பேர் பார்க்க மேடை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி! நானும் பார்த்தேன், நிரம்பவே இல்லை.

"நாளைக்குக் காலைல மொத ஒண்ணுக்கைக் குப்பில பிடிச்சிட்டு வாங்க. மறந்துட்டேன்னு சொல்லப்படாது" என்றாள்.

கனகமணி அம்மையார் போய்விட்டார் என்று அழுதுகொண்டிருந்தவன் நான். அந்தக் கட்டைவிரல் என் கால்மேல் பட்டதும் என் அழுகை நின்றுவிட்டது, அன்பர்களே! என் வடிகட்டி கெட்டிருக்கிறதா இல்லையா, எனக்குத் தெரியாது. நாளைக்குத் தெரிந்துவிடும். குருசாமி அண்ணாச்சி, வேட்டியைக் கொஞ்சம் தூக்கி நீங்களும் உங்கள் காலைப் பாருங்கள்!

முருகம்மா, நாளைக்கு விளக்கைப் பத்த வச்சு வையி. நான் வாரேன்.