எதற்கும் இருக்கட்டும்

என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும், சார். என் வாக்குமூலத்தை எழுதும்போது உங்கள் பேனா மக்கர் பண்ணினால் சொல்லுங்கள், ஒன்று தருகிறேன். குடை இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு, வீட்டுச் சாவி மூன்று. எதற்கும் இருக்கட்டும் என்று நினைப்பது என் குணம். அதைக் குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது.

மரம் வெட்டுவது என் தொழில். வெட்டிய கிளைகளைத் தூளாக்க ஒரு மெஷின் பதினோரு வருடமாக ஓடுகிறது. வேலை நடுவில் அது மண்டையைப் போட்டால் என்ன செய்வது? அதனால் இன்னொன்றைச் செகண்ட்ஹேண்டில் வாங்கிக் கொட்டகையில் நிறுத்தினேன். ஆனால் முதல் மெஷின் நிற்கவே இல்லை. எட்டு மாதமாக ஒரு இருமல்கூட இல்லை.

என்னோடு வேலை பார்ப்பவன் என் மனைவியின் தம்பி. வாய்க்கொழுப்பு அதிகம். தினமும் காலையில் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, அந்த மெஷினை மூடிய தார்ப்பாய்க்கு வணக்கம் வைப்பான்.

"மாமா, சின்ன வீடு இன்னும் எழுந்திரிக்கலையா?"

என் மனைவி வயிறு குலுங்கச் சிரிப்பாள். போன மாதம் அவளும் சேர்ந்துகொண்டாள். "ஒரு சங்கிலி வாங்கியிருந்தா கழுத்துலயாச்சும் கிடந்திருக்கும்."

அவமானமாக இருந்தது, சார். இத்தனை வருடம் யோசித்து யோசித்து நடந்த மனுஷனை ஒரு தார்ப்பாயை வைத்துக் கோமாளியாக்கிவிட்டார்கள். ஒரே ஒரு நாள் அந்த மெஷின் தேவைப்பட்டால் போதும் என்றிருந்தது.

அதனால் செவ்வாய்க்கிழமை காலை ஒரு கட்டையில் ஆணி அடித்தேன். மரத்துக்குள் ஆணி இருந்தால் பிளேடு தாங்காது, தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். ஆணித்தலை தெரியாமல் மேலே மண்ணைப் பூசினேன். மெஷின் நிற்பதை மச்சான் தன் கண்ணால் பார்க்க வேண்டும் அல்லவா? பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் கட்டையை உள்ளே விட்டேன்.

சத்தம் மாறியது. "என்ன மாமா, கல்லு ஏதாவது மாட்டிக்கிச்சா?" என்று குனிந்தான். பிளேடின் துண்டு ஒன்று பறந்து வந்து அவன் இடது காதில் பாதியைக் கொண்டுபோனது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் காது விஷயத்தில் கடவுளும் என் கட்சி, இரண்டாகத்தான் கொடுத்திருக்கிறார்.

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, இரண்டாவது மெஷினைக் கொண்டுவந்தேன். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. மாலைக்குள் வேலை முடிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி அழுதுகொண்டே சொன்னாள்.

"நல்லவேளை, இன்னொன்னு வாங்கி வெச்சிருந்தீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

யாருக்கும் காயம்பட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்பதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். மெஷின் கெட ஒரு ஆணி போதும். சத்தம் மாறியது அந்த முதல் ஆணியால்தான், அவன் குனிந்ததும் அதைக் கேட்டுத்தான். அப்போதே சுவிட்சை அணைத்திருக்கலாம். என் கை கட்டையை இன்னும் ஒரு முழம் உள்ளே தள்ளியது. காதைக் கொண்டுபோனது இரண்டாவது ஆணி, சார். அது எதற்கும் இருக்கட்டும் என்று அடித்தது.