தங்கச்சி பேரில் வந்த ஃபைல்

ஆயர் குரோவிலிருந்து காஜா பேராங் வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஆபீஸ் முடிந்து திரும்பும் இரண்டு பெண்கள்.

"தங்கச்சி மெயில்ல ஒரு ஃபைல் அனுப்பியிருக்கா. நான் இன்னும் திறக்கல," என்றார் மூத்தவர்.

"ஏன்க்கா? கோவிச்சுக்கிட்டு நாட்டை விட்டே பெர்த்துக்குப் போனவ, இப்பதானே எழுதியிருக்கா?"

"ஒரு வரிகூட எழுதல. வெறும் ஃபைல்தான். அது என்ன வகைன்னே தெரியல, நம்ம ஆபீஸ்ல வர்ற மாதிரி இல்ல."

"ஐயோ, கிளிக் பண்ணிடாதீங்க லா! வைரஸ் இப்படித்தான் தெரிஞ்சவங்க பேர்ல வரும். அவளுக்கே போன் போட்டு, நீதான் அனுப்பினியான்னு முதல்ல கேளுங்க. நம்பர் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்னக்கா?"

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் அனுப்பலன்னு சொல்லிட்டான்னா? இப்போதைக்கு அவ அனுப்பினதாவே இருக்கட்டும்."